சங்கிலியை விலக்கிய வரி

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது புத்தி கலங்கிவிட்டால், ஆஸ்பத்திரிக்கு முன்னால் வேறு சில இடங்கள்தான் பேச்சில் வரும். சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்பார் ஒருவர். பொட்டல்புதூர் தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்வார் இன்னொருவர். எதற்கும் அடங்கவில்லையென்றால் வீட்டுப் பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏர்வாடியில கொண்டு விட்டுட்டு வந்துருங்கய்யா" என்பார். எங்கள் நெல்லைச் சீமையில் நாங்குநேரிப் பக்கமும் ஓர் ஏர்வாடி உண்டு. அவர் சொல்வது ராமநாதபுரத்து ஏர்வாடியை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியச் சட்டத்தில் இன்று இருக்கும் ஒரு வரி அந்த ஊரிலிருந்து வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு செய்யக் கூடாதவை என்று நான்கைச் சொல்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பது; சிறுவர்களுக்கு மின்னதிர்ச்சி; சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை அறுவை; நான்காவதாக, எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவது. தடை செய்யப்பட்ட சிகிச்சை முறைகளின் வரிசையில் சங்கிலியும் நிற்கிறது. அதையும் ஒரு வைத்தியமாக எண்ணி ஒதுக்க வேண்டியிருந்தது என்பதே இந்தக் கதையில் பாதி.

கீழக்கரைக்கு அருகே கடலோரத்தில் இருக்கிறது ஏர்வாடி. அங்கே அடங்கியிருக்கும் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீதின் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். தர்காவின் தண்ணீரும், விளக்கில் எரிந்த எண்ணெயும் மனநோய்க்கு மருந்து என்பது நம்பிக்கை. குணமானவருக்குக் கனவில் உத்தரவு வரும். அதன் பிறகுதான் ஊர் திரும்ப வேண்டும். உத்தரவு ஒரு வாரத்தில் வரலாம், ஒரு வருடத்திலும் வரலாம். அதுவரை கூடவே இருந்து பார்த்துக்கொள்ள எந்தக் கூலிக்காரக் குடும்பத்தால் முடியும்? இந்த இடைவெளியில்தான் தனியார் 'மனநல இல்லங்கள்' முளைத்தன. மாதப் பணம் கொடுத்தால் போதும், ஆளை வைத்துக்கொள்வார்கள். அவற்றை நடத்தியது தர்கா அல்ல.

நம்பிக்கையைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் அரசு மனநல மருத்துவமனை என்று இருந்தது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான். மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவுகள் இருந்தன. மாதக்கணக்கில் ஆளை வைத்துப் பார்க்கும் இடங்கள் அல்ல அவை. தென்காசிப் பக்கத்துத் தாய் ஒருத்திக்குக் கீழ்ப்பாக்கத்தைவிட ஏர்வாடி அருகில் இருந்தது. வா என்று கூப்பிட்டதும் ஏர்வாடிதான்.

பத்து நாற்பது நோயாளிகளை ஓரிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு இரவில் எப்படிக் காவல் காப்பது? இல்லக்காரர்கள் கண்ட வழி, காலில் சங்கிலி, மறுமுனை கட்டிலிலோ கம்பத்திலோ. ஒரு பூட்டு. சம்பளம் கேட்காத காவலாள் அது. கொண்டு வந்து விட்ட குடும்பங்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பின. வீட்டிலேயே கட்டிப் போட்டுப் பழகியவர்களுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. மொய்தீன் பாதுஷா மனநல இல்லம் என்ற கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. காய்ந்த கீற்றில் தீ மேலே ஓடும், எரிகிற துண்டுகள் கீழே விழும்; படுத்திருப்பவர் எழுந்து ஓடச் சில நிமிடங்கள்கூடக் கிடைக்காது. இங்கே எழுந்தவர்களாலும் ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே கருகினார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 28 பேர்.

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13-ஆம் தேதி, அந்த மாதிரியான இல்லங்கள் எல்லாவற்றையும் அரசு மூடியது. 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அரசே பொறுப்பேற்றுக்கொண்டது. என். ராமதாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. இல்லத்தை நடத்தியவர்களுக்கு 2007-இல் சிறைத் தண்டனை கிடைத்தது.

சட்டம் அதற்கு முன்னால் இல்லாமல் இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. உரிமம் இல்லாமல் மனநல விடுதி நடத்தக் கூடாது, நோயாளியைக் கொடுமைக்கும் அவமதிப்புக்கும் ஆளாக்கக் கூடாது என்று அதிலும் இருந்தது. சங்கிலியைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை. கொடுமை என்று பொதுவாகச் சொன்னால், "இது கொடுமையா? அவன் பாதுகாப்புக்குத்தானே கட்டியிருக்கோம்" என்று பதில் வரும். பெயர் சொல்லித் தடுக்காதவரை பூட்டு திறக்காது என்பதை அந்த ஆகஸ்ட் காட்டிவிட்டது. பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் பூசேன் என்ற கண்காணிப்பாளர் 1797-லேயே சங்கிலிகளை அவிழ்த்துவிட்டார். நமக்கு இன்னும் இருநூறு வருடங்களும் 28 உயிர்களும் தேவைப்பட்டன.

பத்திரிகைச் செய்திகளைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கின் தலைப்பிலேயே 'தமிழ்நாட்டு மனநோய் விடுதித் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 25 பேரின் மரணம்' என்று இருக்கும். 2002 பிப்ரவரி 5 உத்தரவில் நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் வேலை வைத்தது. மனநல விடுதிகளைக் கணக்கெடுக்க வேண்டும். மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். 2007-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதற்குத் தக்கபடி எழுதப்பட்ட புதிய சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018-இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய நேரமும் உண்டு என்பதை அது மறுக்கவில்லை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான அளவுக்கு மட்டும் என்கிறது 97-ஆம் பிரிவு. தனியறையில் அடைத்துவைப்பதற்கு அந்தச் சலுகையும் கிடையாது. 2019 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்துப் பதாயூனில் நோயாளிகள் சங்கிலியில் இருக்கும் செய்தி வந்தபோது, உச்ச நீதிமன்றத்தின் கையில் சுட்டிக்காட்ட ஒரு வரி இருந்தது. ஏர்வாடியிலோ, தர்கா வளாகத்துக்குள்ளேயே மனநல மருத்துவரை உட்காரவைத்து, துவாவோடு மாத்திரையும் தருகிற ஏற்பாடு பின்னால் வந்தது.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏர்வாடியை எல்லோரும் மனநலப் பிரச்சினையாகப் படித்தார்கள்; அது ஒரு தீ விபத்தும்கூட என்பதை மறந்தே போனார்கள். சங்கிலியைப் பார்த்த கண்கள் கீற்றைப் பார்க்கவில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துப் பந்தல் எரிந்தது. அதே வருடம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் கீற்றுக் கூரை பள்ளிக்கூடங்களிலிருந்து இறங்கியது.

ஓட முடியாதவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்ற கேள்வி மனநல விடுதிக்கு மட்டும் உரியதல்ல. கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அன்று அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். யாரையும் கட்டிவைக்கவில்லை, ஆனால் டிரிப்ஸும் வென்டிலேட்டரும் படுக்கையோடு பிடித்து வைத்திருந்தன, ஜன்னல்களோ திறக்க முடியாத கண்ணாடி. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் புகையில் மூச்சடைத்துப் போனார்கள். நோயாளியை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஓட ஆள் போதாது என்பதால்தான், தீ பரவாத சுவரும் கதவும் உள்ள அடுத்த பகுதிக்கு அதே தளத்தில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதை முதல் படியாக வைக்கிறார்கள் தீயணைப்பு வல்லுநர்கள். அகலமான வராண்டாவும் சாய்தளமும் அதற்காகத்தான். வராண்டாவில் பழைய கட்டில்களையும் ஆக்சிஜன் சிலிண்டர்களையும் அடுக்கினால் அந்த ஏற்பாடு அத்தோடு முடிந்தது.

சங்கிலிக்குச் சட்டம் வந்துவிட்டது. கம்பிக் கதவின் பூட்டு இன்னும் திறந்தபாடில்லை. திருட்டுக்கும் நாய்க்கும் பயந்து எங்கள் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளில் இரவு பத்து மணியானால் கீழ்வாசலைப் பூட்டிவிடுவார்கள். அப்படி ஒன்றில் உறவினருக்குத் துணையாகப் படுத்திருந்தேன். சுவரில் சிவப்பு சிலிண்டர் தூசியில்லாமல் தொங்கியது. அடுத்து எப்போது நிரப்ப வேண்டும் என்ற தேதியும் சரியாக இருந்தது. கதவுச் சாவி யாரிடம் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட இருக்கு சார்."

"அவரு எங்கம்மா?"

"சாப்பிடப் போயிருக்காரு. வெளிய பூட்டிட்டுத்தான் போயிருப்பாரு, நீங்க பயப்படாம படுங்க."