ஜேம்ஸ் வில்சனும் வைரஸ் கடத்திகளும்

உடலுக்குள் மரபணுவைக் கொண்டுசேர்க்க எந்த வைரஸ் ஏற்றது, அதை எவ்வளவு செலுத்தலாம் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி ஜேம்ஸ் வில்சனின் ஆய்வு வாழ்க்கை அமைந்தது. முதல் கேள்விக்கு அவருடைய ஆய்வுக்கூடம் நல்ல விடை கண்டது. இரண்டாவது அவரை விடாமல் துரத்தியது.

அவர் தொடங்கியது ரெட்ரோவைரஸில். பரம்பரையாக வரும் கடுமையான கொழுப்பு நோயில், ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஏற்பி கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. 1992-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்த நோயுள்ள 29 வயதுப் பெண்ணின் கல்லீரலில் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, அதன் செல்களைப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். ஏற்பிக்கான மரபணுவை வைரஸ் மூலம் அந்தச் செல்களில் ஏற்றி, கல்லீரலுக்கே திருப்பி அனுப்பினார்கள். கொழுப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் அடுத்து வந்த நோயாளிகளிடம் பலன் சீராக இல்லை. ஒவ்வொருவருக்கும் அறுவை செய்தாக வேண்டிய சிகிச்சை பரவலாகப் பயன்படும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

1993-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாறிய வில்சன், சளிக்காய்ச்சல் தரும் அடினோவைரஸைக் கையில் எடுத்தார். அறுவை தேவையில்லை, வைரஸை நேரே உடலில் செலுத்தலாம். நோயெதிர்ப்பு மண்டலம்தான் தடை. அடினோவைரஸ் புகுந்த செல்களை உடலே அழித்துவிடுகிறது என்று 1994-இல் எலிகளிடம் காட்டியதும் வில்சனின் குழுதான். எனவே ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல.

1999 செப்டம்பர் 13 அன்று, வில்சனின் நிறுவனம் நடத்திய அடினோவைரஸ் பரிசோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞருக்குக் கல்லீரல் தமனி வழியாக ஏறத்தாழ 38 லட்சம் கோடி வைரஸ் துகள்கள் செலுத்தப்பட்டன. ரத்தத்தில் அமோனியா சேரும் பரம்பரை நோய் அவருக்கு இருந்தது. உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் சமாளித்து வந்தார். அவரைக் குணமாக்குவது அந்தப் பரிசோதனையின் நோக்கமல்ல. அதே நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பயன்படும் என்றே அவர் முன்வந்தார். உடல் முழுதும் மூண்ட கடும் எதிர்ப்பு விளைவால் உறுப்புகள் செயலிழந்து, நான்காம் நாள் இறந்தார். முன்னர் மருந்து பெற்றவர்களுக்கு ஏற்பட்ட பக்கவிளைவுகள் உரிய நேரத்தில் அறிவிக்கப்படவில்லை என்றும், அதுபோன்ற வைரஸ் பெற்ற குரங்குகள் இறந்த செய்தி ஒப்புதல் படிவத்தில் இடம்பெறவில்லை என்றும் விசாரணையில் தெரிந்தது. அறிவியல் பிழையைவிட இந்த மறைப்பே பெரிய குற்றம். 2000 ஜனவரியில் வில்சனுடைய நிறுவனத்தின் மனிதப் பரிசோதனைகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. 2005-இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2010 வரை அத்தகைய பரிசோதனைக்குத் தலைமை ஏற்க அவருக்குத் தடை.

ஆய்வுக்கூடத்துக்குள் ஒதுங்கிய அந்த ஆண்டுகளில்தான் அவருடைய சிறந்த பணி நடந்தது. ஏஏவி என்ற மிகச் சிறிய வைரஸ், 1965-இல் அடினோவைரஸ் மாதிரிகளில் கலந்திருந்த அழுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை. 25 நானோமீட்டர் அகலமுள்ள அதன் உறைக்குள் சுமார் 4,700 எழுத்துகள் நீளமுள்ள டிஎன்ஏ மட்டுமே அடங்கும். அப்போது பெரிதும் பயன்பாட்டில் இருந்த, ஏஏவியின் இரண்டாம் வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் பலரின் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தது. கல்லீரலிலும் அது சரியாக வேலை செய்யவில்லை. வில்சனின் கூடத்தில் குவாங்பிங் காவ், குரங்குத் திசுக்களில் உறங்கிக் கிடந்த ஏஏவி மரபணுத் துண்டுகளைப் பிசிஆர் முறையில் பெருக்கிப் பார்த்தார். எல்லா வகைகளிலும் மாறாத பகுதிகளைப் பிடிமானமாகக் கொண்டு, இடையில் மாறுபடும் பகுதியை எடுத்துப் படித்தார். 2002-இல் ஏழாம், எட்டாம் வகைகள் வெளிவந்தன; 2004-இல் மனிதத் திசுவிலிருந்து ஒன்பதாம் வகை.

எட்டாம் வகையைக் கொண்டு லண்டன் ஆய்வாளர்கள் ரத்தம் உறையா நோய்க்குச் சிகிச்சை அளித்து, ஆறு பேரிடம் கிடைத்த பலனை 2011-இல் வெளியிட்டார்கள். ஒன்பதாம் வகை ரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் செல்லக்கூடியது. தண்டுவடத் தசைநார்ச் சிதைவுக்கு 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஸோல்ஜென்ஸ்மா அதைக் கொண்டு செய்யப்பட்டது. ஒரே முறை செலுத்தும் அந்த மருந்தின் விலை அப்போது 21 லட்சம் டாலருக்கு மேல்.

2018-இல் வில்சன் ஒரு கட்டுரையில் தம் துறையையே எச்சரித்தார். ஒன்பதாம் வகையின் நெருங்கிய உறவான ஓர் ஏஏவியை மிக அதிக அளவில் பெற்ற குரங்குகளில் ஒன்றுக்குக் கல்லீரல் செயலிழந்தது. பன்றிக்குட்டிகள் நரம்பு பாதிக்கப்பட்டு நடை தடுமாறின. அதிக அளவில் ஏஏவி செலுத்தும் பரிசோதனைகளில் கவனம் தேவை என்று அந்தக் கட்டுரை சொன்னது. 2020-இல், அவருடைய கூடத்தில் கண்டெடுத்த எட்டாம் வகையைத் தசைநோய்க்கு மிக அதிக அளவில் கொடுத்த வேறொரு பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைத் தொடர்ந்து மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். குறைந்த அளவு பெற்ற நான்காவது சிறுவன் 2021-இல் இறந்தான்.