சட்டியில் மரம், சுவரில் மாடம்: பொன்சாய்க் காட்சியமைப்பின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலாய கரையூர்களிற் பிறந்து வளர்ந்தோர்க்குச் சட்டியில் வளர்க்கும் குறுமரம் அந்நியமான பொருளே. முற்றத்துப் பூச்சாடிகளை நாம் அறிவோம். முதுமரமொன்று முழங்கை உயரத்தில் நிற்பதனை அறியோம். எனினும், இக்கலையின் காட்சியமைப்பு விதிகளை நோக்குமிடத்து, அவை தமிழிலக்கிய மாணவர்க்கு முற்றிலும் புதியனவாகத் தோன்றா.

ஜப்பானிய மரபின் முறையான காட்சியில் பொன்சாய் தனித்து நிற்பதில்லை. மரத்துக்கேற்ற பீடம், ஒருபுறமாகப் புல்லோ பூண்டோ நட்ட துணைச்சாடி, பின்சுவரில் தொங்கும் ஓவியச்சுருள் ஆகியன சேர்ந்தே காட்சி நிறைவுறும். மரம் நடுவில் வைக்கப்படுவதில்லை. கிளை சாயும் திசையில் வெளி விடப்படும். அவ்வெளியின் எல்லையிலே துணைச்செடி அமரும். பாறைச் சரிவில் தொங்குவதுபோற் கீழ்நோக்கி வளர்த்த மரத்துக்கு உயர்ந்த பீடம். தடித்த பைன் மரத்துக்குத் தாழ்ந்த, திண்ணிய பீடம். துணைச்செடிக்கோ மெல்லிய பலகையே போதும். மரம் பூத்திருப்பின் சுருளிற் பூ இடம்பெறாது. தொலைமலையோ நிலவோ இருக்கும். துணைச்செடியின் பணி யாது? மரம் நிற்கும் நிலத்தையும் பருவத்தையும் உணர்த்துவதே. முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் கருப்பொருள்வழி நினைவூட்டும் திணை மரபு இங்கு எவர்க்கும் நினைவில் எழும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென வாதிடுதல் எமது நோக்கமன்று. அத்தகைய வாதங்களால் தமிழாய்வு அடைந்த இழுக்குப் போதும். திணைக் கோட்பாட்டைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் பின்னணியில் வைத்து விளக்கிய பேராசிரியர் கா. சிவத்தம்பியின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டிய வழியில், இவ்வழகியலின் சமூகத் தளத்தை வினவுதலே நாம் செய்யக்கூடியது.

துணைச்செடி மரத்தினும் தாழ்ந்தே நிற்க வேண்டுமெனும் விதியைச் சமூகப் படிநிலையின் பிரதிபலிப்பென்று கூறிவிடுதல் எளிது. அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். வர்க்கத்தை நாம் செடியின் உயரத்திலன்று, அச்செடி வைக்கப்பட்ட மாடத்திலேயே தேடல் வேண்டும். சட்டித்தாவரக் கலை சீனத்தில் 706ஆம் ஆண்டளவிலேயே இளவரசர் கல்லறைச் சுவரோவியத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆயின் அதற்கு வீட்டினுள்ளே நிலையான இடமளித்த காட்சிமாடம், முரொமாச்சிக் காலத்து (1336-1573) உயர்குடியினரின் இல்லங்களில் உருப்பெற்றதாகும். பின்வந்த எதோ காலத்தில், பல ஆட்சிப்புலங்களிற் சாதாரண உழவர் தம் வீட்டில் அத்தகைய மாடம் அமைத்தல் விலக்கப்பட்டிருந்தது. அழகைக் காணும் உரிமையே சட்டத்தால் வரையறுக்கப்பட்டதென்க.

முதலாளித்துவம் அம்மாடத்தை அழிக்கவில்லை, பெரிதாக்கியது. 1934இல் உவேனோவிலுள்ள டோக்கியோ கலைக்கூடத்தில் கொக்குஃபு பொன்சாய்க் கண்காட்சி தொடங்கிற்று. அதற்குப் பெருந்துணை நின்றவர் பிரபுக்கள் சபையைச் சேர்ந்த மட்சுதைரா யொரினாகா. 1926இல் திறக்கப்பட்ட அக்கூடமோ, கியூஷு நிலக்கரி வணிகர் சத்தோ கெய்தரோ வழங்கிய 10 இலட்சம் யென்னால் எழுந்தது. நிலப்பிரபுவின் இரசனை, சுரங்கத் தொழிலாளியின் உழைப்பிலிருந்து திரண்ட மூலதனத்திற் குடியேறிய காட்சி இது. அங்கு மரம் உடைமையாளர் பெயரிலேயே வைக்கப்படும். கம்பி சுற்றி, கிளை கழித்து, நாள்தோறும் நீர்வார்த்து அதனை உருவாக்கிய தோட்டக்கலைஞர் பெயரில் அன்று.

இதனை விளங்கிக்கொள்ள எம்மவர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. எமது களவெட்டிகளில் நெல்லைப் பொலி என்பர். உழுதவரும் அரிந்தவரும் வயற்காரரே. குவிந்ததோ போடியார் பொலி. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவரின் உரிமையை ஏட்டில் உறுதிசெய்த பின்னரும் அவ்வழக்கு எளிதில் மறையவில்லை. மருதமுனைத் தறியில் இறங்கும் சாறனிலும் நெய்தவர் பெயர் இருப்பதில்லை.

தோட்டக்கலைஞர்கள் தாமே தமக்கு விதி வகுத்துக்கொண்ட இடமொன்றும் உண்டு. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின் டோக்கியோவை விட்டகன்ற அவர்கள், 1925இல் ஓமியாவிற் பொன்சாய்க் கிராமத்தை அமைத்தனர். குடியேறுவோர் 10 மரங்களாவது வைத்திருத்தல் வேண்டும், வேலி உயிர்வேலியாதல் வேண்டும், மாடிவீடு கட்டலாகாது, வாயில் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பன அவ்விதிகள். மாடத்தின் முன் அமர அழைக்கப்படாதோரும் அங்கு சென்று மரத்தைப் பார்க்கலாம்.