தொழிற்சாலையில் ஓர் ஆண்டு

கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர், பெங்களூரிலுள்ள பெரிய பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஓராண்டுக் காலம் தொழில் பழகச் சேர்கிறார். காலையில் தொழிலாளர்களுடன் வாயிலுக்குள் நுழைகிறார்; மாலையில் அவர்களுடனேயே வெளிவருகிறார். மாதந்தோறும் ஓர் உதவித்தொகையும் பெறுகிறார். ஆயினும் தொழிலாளர் பட்டியலில் அவர் பெயர் இராது. கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலும் இராது. ஆண்டு முடிந்ததும் சான்றிதழ் ஒன்றைத் தந்து விடைகொடுத்து அனுப்பிவிடுகின்றனர். "இவ்வளவும் கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு வேலையையும் கொடுத்திருக்கலாகாதா?" என்று ஊரிலிருக்கும் பெற்றோர் கேட்கின்றனர். தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. இதற்கு விடை காண வேண்டுமானால், இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது, எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

பெங்களூருக்குத் துறைமுகம் இல்லை. அருகில் நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. ஆயினும் அது தொழில் நகரமாக வளர்ந்தது. அதற்கு அடிகோலியவற்றுள் ஒன்று காவிரி நீர். சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது; 1905-இல் பெங்களூர் நகரத்துக்கு ஒளி தந்தது. இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-இல் நிறுவப்பெற்றது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய விசுவேசுவரய்யாவின் முயற்சியால் 1917-இல் பொறியியற் கல்லூரி தோன்றியது. இவ்வாறு மின்சாரமும் கல்வியும் அந்நகரில் முன்பே வந்து அமர்ந்துவிட்டன. கற்றவர்கள் கையில் கருவியைப் பிடித்துப் பழகுவதற்குரிய பெருந்தொழிற்சாலைகள் பின்னரே வந்தன.

அவற்றுள் முதன்மையானது இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம். வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசாங்கத்தின் துணையோடு 1940-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அதனைத் தொடங்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. விமானம் கட்டிப் பழகிய தொழிலாளர்களை இந்நாட்டில் எங்கே தேடுவது? வெளிநாட்டு நிபுணர் சிலர் வந்தனர். மற்றவர்கள் வேலை செய்துகொண்டே வேலையைக் கற்றனர். அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்க மாதிரியில் அமைந்த ஹார்லோ என்னும் விமானம் அங்கிருந்து பறந்தது. 1942-இல் நிர்வாகம் இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. போரின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப் படையினர் அத்தொழிற்சாலையைத் தம் விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையமாகப் பயன்படுத்தினர். பழுதுபார்க்கும் இடமே நல்ல பள்ளிக்கூடமாயிற்று. ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டுபவனுக்கு அதன் அமைப்பு முழுவதும் விளங்கிவிடுமன்றோ?

அதே 1942-இல் விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கப்பெற்றது. அங்கே ஆசிரியராக இருந்த வி. எம். காட்டகே பின்னர் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பணிக்குத் தலைமை ஏற்றார். அவருடைய குழுவினர் உருவாக்கிய எச்.டி.-2 விமானம் 1951-இல் பறந்தது. அது விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்கென்றே கட்டப்பட்ட விமானம். வகுப்பறைக்கும் பட்டறைக்கும் இடையே மனிதர் இவ்வாறு போய்வந்த வழியில்தான் பெங்களூரின் தொழில் வளர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின் பொதுத்துறை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1948-இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ., 1953-இல் இயந்திரங்கள் செய்யும் எச்.எம்.டி., 1954-இல் மின்னணுக் கருவிகள் செய்யும் பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1964-இல் மண்வாரும் இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். என்று அவை பெருகின. எச்.எம்.டி.க்கு ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்றும், பாரத் எலக்ட்ரானிக்ஸுக்குப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றும் தொழில்நுட்ப உதவி அளித்தன. இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்; கைத்திறனை அவ்வாறு கொண்டுவர இயலாது. அதை இங்கேயே விளைவிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்நிறுவனங்கள் பொருள்களை உற்பத்தி செய்ததோடு, அவற்றைச் செய்யத் தெரிந்த மனிதரையும் உருவாக்கின. கன்னடியர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் ஆகிய பலரும் ஒரே மேசையின் முன் நின்று ஒரே அளவுகோலைப் பிடித்துப் பழகினர்.

அவ்வாறு பழக வந்தவர்களுள் இராமேசுவரத்து இளைஞர் ஒருவரும் இருந்தார். சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், படிப்பு முடிந்ததும் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பயிற்சி பெறச் சென்றார். விமான எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் குழுவில் அவர் பணியாற்றினார். தேய்ந்த பாகம் எது, முறுக்கிக்கொண்ட தண்டு எது என்று அளந்து அறியும் வேலையை அங்கே கற்றார். ஆனால் அவர் அத்தொழிற்சாலையிலேயே ஊழியராக அமர்ந்துவிடவில்லை. விமானப் படையில் சேர விண்ணப்பித்து, தேர்வில் ஓர் இடம் தவறி வாய்ப்பை இழந்தார். 1958-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பெற்றார். 1980-இல் ரோகிணி என்னும் துணைக்கோளை விண்ணில் செலுத்திய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநர் அவரே. 2002-இல் குடியரசுத் தலைவரானவரும் அவரே. பெங்களூரில் பெற்ற பயிற்சியின் பயனை அந்நிறுவனம் ஒன்று மட்டும் அனுபவிக்கவில்லை. நாடு முழுவதும் அனுபவித்தது.

இனி, இந்த ஏற்பாட்டின் சட்ட வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்தில் 1563-இல் இயற்றப்பெற்ற ஒரு சட்டம், தொழில் கற்க விரும்புவோர் ஏழாண்டுகள் ஓர் ஆசானிடம் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றது. நம் நாட்டில் 1850-இல் பிறந்த பழைய அப்ரண்டிஸ் சட்டம், பெரும்பாலும் அனாதைக் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும் மனத்திற்கொண்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவரை ஏழாண்டு வரை ஒரு தொழிலுக்கு ஒப்பந்தம் செய்துவிட அது இடமளித்தது. தொழில் பழகுதல் என்றால் ஆதரவற்றோர்க்குரிய புகலிடம் என்ற எண்ணம் அதில் இருந்தது. பெருந்தொழில்கள் வளர்ந்த சுதந்திர இந்தியாவுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1961-இல் புதிய சட்டம் வந்தது. முதலில் அது கைவினைத் தொழில் பழகுவோரை மட்டும் கருதியது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குரிய பயிற்சிக் காலம் ஓராண்டு என்று அமைந்தது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது.

ஆங்கிலத்தில் வழங்கும் அப்ரண்டிஸ் என்ற சொல், கற்றல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தமிழில் அரசாங்கம் இதனைத் தொழிற்பழகுநர் என்று வழங்குகிறது. மொழிபெயர்ப்பில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது. பயிற்சியாளர் என்றால் கற்பிப்பவரா கற்பவரா என்ற ஐயம் எழும். பழகுநர் என்றால் அந்த ஐயத்துக்கே இடமில்லை. சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. தொழிற்பழகுநர் கற்பவரே, தொழிலாளர் ஆகார். தொழிலாளர்க்குரிய பிற சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. ஆனால் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றில் தொழிலாளர்க்குள்ள காப்பு அவருக்கும் உண்டு. பயிற்சியில் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு பெறவும் உரிமை உண்டு. மற்றொரு விதி மிகவும் கருதத்தக்கது. செய்து முடித்த உருப்படிகளை எண்ணி அவருக்கு உதவித்தொகை தரலாகாது. அதிக உற்பத்திக்கென வைத்துள்ள ஊக்கத் திட்டங்களிலும் அவரைச் சேர்க்கலாகாது. அவருடைய நாளை உற்பத்தியால் அளக்கக்கூடாது, கற்றதனால் அளக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

தென் மாநிலங்களில் பட்டதாரிப் பழகுநர்களின் பயிற்சியை மேற்பார்வையிடும் வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. பெங்களூரில் பயின்று முடித்தவரின் சான்றிதழும் அங்கிருந்தே வருகிறது. பட்டதாரிகளுக்கும் பட்டயதாரிகளுக்கும் விதித்துள்ள குறைந்த அளவு உதவித்தொகையில் பாதியை மத்திய அரசாங்கம் ஏற்கிறது. வரிப்பணத்திலிருந்து ஒரு பங்கு கொடுக்கப்படுவதால், இப்பயிற்சி பொதுச் சொத்தாகக் கருதத்தக்கது.

இப்பொழுது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். பயிற்சி முடிந்தவருக்கு வேலை தரவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஒப்பந்தத்தில் அவ்வாறு உறுதி கொடுத்திருந்தால் மட்டுமே கடமை உண்டு. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வந்தவர் அனைவரையும் வைத்துக்கொண்டால், சில ஆண்டுகளில் புதியவர் நிற்பதற்கு இடமிராது. கற்பிக்கும் வாயில் அடைபட்டுவிடும். உச்ச நீதிமன்றம் 1995-இல் ஒரு வழக்கில் இதற்கு நடுவழி ஒன்றைக் காட்டிற்று. பிற தகுதிகள் சமமாக இருக்குமானால், நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பரிந்துரையை அவரிடம் கேட்க வேண்டியதில்லை என்றது. வயது வரம்பிலும் சலுகை காட்டியது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தமோ, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்று விதித்தது. ஆகவே சேரும் நாளிலேயே அக்கொள்கை யாது என்று கேட்டறிதல் இளைஞரின் உரிமையும் கடமையுமாகும்.

ஒரு குறையையும் இங்கே மறைக்கலாகாது. நிரந்தர ஊழியர் செய்யவேண்டிய அன்றாட வேலையைப் பழகுநரின் தலையில் சுமத்தி, குறைந்த செலவில் காரியத்தை முடித்துக்கொள்ளும் ஆசை எந்த மேலாளருக்கும் எழக்கூடும். அந்த ஆசை வென்றுவிட்டால், ஆண்டு முழுவதும் கோப்புகளைச் சுமந்தவர் கோப்புச் சுமத்தலை மட்டுமே கற்றிருப்பார். அவர் இழப்பது ஓராண்டு வாழ்க்கை. அயலூரில் அறை வாடகையும் உணவுச் செலவும் கொடுத்து அவரை நிறுத்திவைத்த குடும்பத்தின் சேமிப்பும் அதனோடு போகிறது. பழகுநரின் முன்னேற்றத்தைப் பதிவு செய்து வரவேண்டும் என்று சட்டம் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டிருப்பதன் காரணம் இதுவே. அப்பதிவு உண்மையாக எழுதப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அந்த ஆண்டின் மதிப்பு அமைகிறது. இளைஞரும் தம் பங்குக்கு, இன்று எந்த இயந்திரத்தைக் கண்டோம், எதை அளந்தோம், எது விளங்கவில்லை என்று நாள்தோறும் குறித்துவைத்தல் வேண்டும். ஒரே பிரிவில் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டால், அடுத்த பிரிவுக்கு மாற்றுமாறு பணிவோடும் உறுதியோடும் கேட்டல் வேண்டும்.

நிறுவனங்களும் நிலையானவை அல்ல. 1961-இல் ஜப்பானிய நிறுவனத்தின் உதவியுடன் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. நம் நாட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்குப் பரிசளித்த கடிகாரம் அது. அக்கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. கதவு அடைபட்டது, ஆனால் நுண்ணிய பாகங்களைச் செதுக்கவும் பொருத்தவும் அங்கே கற்றவர்களின் திறமையை எந்த ஆணையாலும் மூட முடியவில்லை. அது அவர்களோடு வேறு பட்டறைகளுக்குச் சென்றது.

ஆதலின், "வேலை கொடுத்தார்களா?" என்று கேட்பதோடு, "வேலையைக் கற்றுக்கொடுத்தார்களா?" என்றும் கேட்கப் பெற்றோர் பழகவேண்டும். முதற் கேள்விக்கு விடை நிறுவனத்தின் வசதியைப் பொறுத்தது. இரண்டாவதற்கு, இல்லை என்ற விடையைச் சொல்ல எந்தப் பொது நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது.