சாயம் ஏன் உரிகிறது? சுண்ணாம்புச் சுவர் முதல் கப்பல் தொட்டி வரை

நகர மையத்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 1856ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1862 ஜனவரியில் அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம் அது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். வெளிப்பூச்சுக்கு அவர்கள் பயன்படுத்தியது ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’. அந்தக் கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் மெக்நேர் பின்னாளில் எழுதிய நூலில் அதன் செய்முறையையே பதிவு செய்திருக்கிறார். மணல் கலக்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். எல்லாவற்றையும் அடித்துக் குழைத்துப் பூசி, ஓரளவு காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து, இடையிடையே மாக்கல் தூளைத் தூவி மெருகேற்ற வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது.

பாதுகாப்புப் பூச்சு என்றவுடன் பெயிண்ட் டப்பாவும் தெளிப்பானும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தத் தீவில் பூச்சுக் கலையின் வரலாறு இப்படிச் சுண்ணாம்பிலிருந்தே தொடங்குகிறது. அந்தக் கலையில் விடை தேட வேண்டிய முதல் கேள்வியும் அங்கேயே இருக்கிறது. வெல்லமும் முட்டையும் கலந்த பூச்சு நின்றது. தொழிற்சாலையில் சோதித்து, உத்தரவாதச் சீட்டோடு வரும் பூச்சு சில இடங்களில் இரண்டே ஆண்டில் உரிந்து விழுகிறது. ஏன்?

லிட்டில் இந்தியா வட்டாரம் 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அத்தகைய சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை இழுக்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு இந்தப் போக்குவரத்தைத் தடுப்பதில்லை. அதன்மேல் ஈரம் புகாத எண்ணெய்ச் சாயத்தை அடித்துவிட்டால் உள்ளே இருக்கும் நீருக்கு வழியில்லை. அது சாயத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். கூடவே சுவரில் இருந்த உப்பும் வரும். வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சாயம் அப்பளம்போல் உப்பி விழுவது இதனால்தான். சாயம் மட்டமானது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. நல்ல சாயம்தான், அந்தச் சுவருக்கு உகந்ததல்ல.

கொச்சியில் பிறந்த கப்பல்

சுவரை விட்டு உலோகத்துக்கு வந்தால் கதை இன்னும் சுவையானது. மரக்கப்பல் காலத்தில் கடல் புழுக்கள் அடிமரத்தைத் துளைத்தன, பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன. இதற்குத் தீர்வாக பிரிட்டிஷ் கடற்படை 1761ல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் மூடியது. 1763ல் சோதித்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. ஆனால் தகடுகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தவறுதலாக இடையில் தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னும் என்ற உண்மை, ஒரு வேலைக்காரரின் கவனக்குறைவால் தெரியவந்தது!

அறுபது ஆண்டுகள் கழித்து விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி அதே உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். செம்பு அரிக்கப்படுகிறதா? அதனோடு இரும்புத் துண்டுகளை இணைத்துவிட்டால், இரும்பு தன்னைக் கொடுத்துச் செம்பைக் காக்கும். 1824ல் இந்தச் சோதனை நடந்த கப்பலின் பெயர் ‘சமராங்’. கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822ல் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. பின்னர் 1840களில் கேப்டன் எட்வர்ட் பெல்ச்சர் தலைமையில் கீழைக்கடல்களை அளவெடுக்க வந்தபோது சிங்கப்பூருக்கும் வந்து சென்றிருக்கிறது. உலோகக் காப்பு அறிவியலின் முதல் பாடப்புத்தகம் மலபார் தேக்கில் எழுதப்பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

டேவியின் கணக்கு சரியாகவே இருந்தது. செம்பு அரிக்கப்படவில்லை. ஆனால் இப்படிக் காக்கப்பட்ட கப்பல்களில் பாசியும் கொட்டலசும் மண்டத் தொடங்கின. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த நஞ்சு உயிரினங்களை விரட்டியதால்தான் இதுவரை அடிப்பகுதி சுத்தமாக இருந்தது. கரைவதை நிறுத்தியதும் விரட்டுவதும் நின்றுபோனது. வேகம் குறைந்த கப்பலை எந்தக் கடற்படை விரும்பும்? சில ஆண்டுகளுக்குள் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. டேவிக்கு அது பெரிய தலைகுனிவு. ஆனால் அவருடைய கருத்து சாகவில்லை. இன்றும் எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுவது அதே அடிப்படையில்தான். அதிலும் அளவு உண்டு. மின்காப்பு மிகுந்துவிட்டால், அதுவே சாயத்தை எஃகிலிருந்து பிரித்துவிடும்.

எஃகு வந்த பிறகு உலகம் ஈயச் செந்தூரச் சாயத்தை நம்பியது. அது நன்றாக உழைத்தது, பூசியவர்களின் உடம்பில் ஈயமாகவும் இறங்கியது. ஸ்காட்லாந்தில் 1890ல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்துக்குச் சாயம் பூசி முடிப்பதற்குள் மறுமுனையில் மீண்டும் தொடங்க வேண்டும் என்று ஒரு சொலவடையே உருவானது. 2011ல்தான், கடல் எண்ணெய் மேடைகளில் பயன்படும் கண்ணாடிச் செதில் கலந்த எபோக்சியைப் பூசி அந்த வேலையை முடித்தார்கள். நம் ஊர் மக்களுக்கு நெருக்கமான பாம்பன் பாலமும் அப்படித்தான். 1914 முதல் உப்புக் காற்றோடு போராடிய அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற வகைப் பூச்சு அடிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு தேக்கரண்டி உப்பு

சிங்கப்பூருக்கு வருவோம். செம்பவாங்கில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் கொண்ட உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பிரிட்டிஷார் வெளியேற முடிவெடுத்த பிறகு, 1968ல் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. 1963ல் தொடங்கிய ஜூரோங் கப்பல் பட்டறையும் கெப்பலும் சேர்ந்து, இந்தத் தீவைக் கப்பல் பழுதுபார்ப்பில் உலகப் பெயர் பெற்ற இடமாக்கின. கப்பல் உலர்துறையில் ஏறினால் செய்ய வேண்டிய வேலைகளில் முக்கியமானது பழைய சாயத்தைச் சுரண்டிப் புதியது அடிப்பது. கடற்படைத் தள நாட்களில் மலையாளிகளும் தமிழர்களும் செய்த இத்தகைய பட்டறை வேலைகளைப் பிற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறிப் பையோடு நிற்கும் இளைஞர்களில் சிலர், வார நாட்களில் முகமூடித் தலைக்கவசத்துக்குள் நின்று ‘பிளாஸ்டிங்’ குழாயைப் பிடிப்பவர்கள்.

இந்த ஊரின் வானிலை அவர்களுக்குச் சாதகமானதல்ல. காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். சாயம் பூசுவதற்கான பொதுவான விதி என்ன தெரியுமா? ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எஃகின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். 25 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் பனி படியும் நிலை ஏறக்குறைய 23 டிகிரி. எஃகும் 25 டிகிரியில் இருந்தால் இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தகட்டின்மேல் படிந்திருக்கும். அதன்மேல் அடிக்கும் சாயம் எஃகைப் பிடிப்பதில்லை, தண்ணீரைப் பிடிக்கிறது. மாலையில் பிளாஸ்டிங் முடித்துப் பளபளவென்று விட்டுப்போன தகடு, காலையில் மஞ்சள் துரு பூத்து நிற்பதை இங்குள்ள ஊழியர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த எதிரி உப்பு. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் நீர் விடுகிறதல்லவா? சாயத்துக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டாலும் அதுவே நடக்கிறது. சாயப்படலம் கண்ணாடிபோல் தோன்றினாலும் மிக மெதுவாக நீரை உள்ளே விடும். உள்ளிருக்கும் உப்பு அந்த நீரை இழுத்துச் சேர்க்கும். கொப்புளம் எழும்பும், பிறகு வெடிக்கும். எவ்வளவு உப்பு போதும்? கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிகளுக்கான உலக விதி, ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. ஒரு நாலறை வீவக வீட்டின் தரை முழுவதும் ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். கடலோரப் பட்டறையில் காற்றே அதைக் கொண்டுவந்து சேர்க்கும். பிளாஸ்டிங் செய்தால் உப்பு போய்விடும் என்று நம்புவது சரியல்ல. நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், கழுவிய பிறகு அளந்து பார்க்கவும் வேண்டும்.

கூர்மையான விளிம்புகளிலிருந்து ஈரச் சாயம் தானே விலகிக்கொள்ளும் என்பது இன்னொரு சங்கடம். அதனால்தான் மூலை முடுக்குகளுக்கும் பற்றவைத்த இடங்களுக்கும் முதலில் தூரிகையால் அடிக்கிறார்கள். இரண்டு டப்பாக்களைக் கலக்கும்போது அளவு தவறுவது, முதல் பூச்சு காய்வதற்கு முன்போ மிகவும் காய்ந்த பிறகோ அடுத்ததை அடிப்பது, வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாகும் எபோக்சியை மேல்பூச்சு இல்லாமல் விடுவது ஆகியவையும் உண்டு.

சீவலின் பின்பக்கம்

சாயம் உரிந்ததும் விசாரணைக்கு வருபவர் முதலில் பார்ப்பது உரிந்த சீவலின் பின்பக்கத்தை. எஃகிலிருந்தே பிரிந்ததா, இரண்டு பூச்சுகளுக்கு இடையிலா, ஒரே பூச்சுக்குள்ளா? பின்பக்கத்தில் துருத்தூள் ஒட்டியிருந்தால் சுத்தம் போதவில்லை. பிசுபிசுப்பான படலம் இருந்தால் ஈரத்தில் அடித்திருக்கலாம். கொப்புளத்துக்குள் இருக்கும் நீரை ஊசியால் எடுத்து உப்பைச் சோதிப்பார். சீவலைக் குறுக்காக வெட்டி உருப்பெருக்கியில் வைத்தால், மரத்தின் வளையங்களைப்போல் எத்தனை பூச்சு, ஒவ்வொன்றும் எத்தனை மைக்ரான் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் டப்பாவில் இருந்த சாயம் குற்றவாளி அல்ல. அடிப்பதற்கு முன்னால் நடந்ததும் நடக்காமல் விட்டதும்தான் காரணமாக இருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 1999 டிசம்பரில் பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் ‘எரிகா’ என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தது. சுமார் 20,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. அதன் தொட்டிகளின் எஃகு அரித்துப் போயிருந்ததை விசாரணை காட்டியது. ஓராண்டு கழித்து மத்தியதரைக் கடலில் பெட்ரோல் ஏற்றிச் சென்ற ‘காஸ்டர்’ கப்பலின் மேல்தளம் பிளந்தது. எந்த நாடும் தன் துறைமுகத்துக்குள் விட மறுத்ததால் அது ஏறக்குறைய 40 நாட்கள் கடலிலேயே அலைந்தது. அதிலும் கடல்நீர்த் தொட்டிகளில் எதிர்பாராத வேகத்தில் நடந்த துருவரிப்பு வெளிச்சத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு, 2006 டிசம்பரில் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு புதிய கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிப் பூச்சுக்கு விதி வகுத்தது. பூச்சு 15 ஆண்டு தாங்கும்படி இருக்க வேண்டும், தடிமன் 320 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. விளிம்புகளை உருட்ட வேண்டும், உப்பை அளக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்பு கப்பலோடு கூடவே பயணம் செய்யும்.

தொட்டிக்குள் இறங்குபவரின் உயிரும் இந்தக் கணக்கில் உண்டு. மணலை வீசிச் சுத்தம் செய்தவர்களின் நுரையீரல் கல்லாவதைப் பார்த்து, பிரிட்டன் 1949ல் வார்ப்புப் பொருட்களுக்கு அந்த முறையைத் தடை செய்தது. இங்கே 1978 அக்டோபர் 12ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டார்கள். வெட்டுக் கருவியின் தீப்பொறி எண்ணெய்த் தொட்டியின் ஆவியில் பட்டதே காரணம். அதற்கும் சாயத்துக்கும் தொடர்பில்லைதான். ஆனால் சாயத்தைக் கரைக்கும் திரவத்தின் ஆவியும் மூடிய தொட்டிக்குள் அதே வேலையைச் செய்யக்கூடியது. உள்ளே இறங்குவதற்கு முன் வாயுச் சோதனை, எழுத்து மூல அனுமதி என்று கெடுபிடி செய்வதை அதிகப்படி என்று முணுமுணுப்பவர்கள் அந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாயம் உரிந்தால் முதல் பழி, ‘ஒழுங்காக அடிக்கவில்லை’ என்று தெளிப்பானைப் பிடித்தவர்மீது விழுவது வழக்கம். கப்பல் உலர்துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்குப் பணம். இரவோடு இரவாக முடிக்கச் சொல்லும் முடிவு அவருடையதல்ல. பிளாஸ்டிங் எத்தனை மணிக்கு முடிந்தது, சாயம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, அப்போது ஈரப்பதம் எவ்வளவு, எஃகின் வெப்பம் எவ்வளவு என்று பதிவேட்டில் உண்மையாக எழுதியிருந்தால், விசாரணை அதிகாரியின் கேள்வி அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டவரிடம் போகும்.