நாராயண்காவில் ஒரு ஷாம்பெயின் வீடு

கம்பம் பக்கத்துக்காரனுக்குத் திராட்சை என்றால் அது பன்னீர் திராட்சைதான். கறுப்பு, உள்ளே கொட்டை, வாயில் போட்டால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வரும். 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. புனே வந்து கோர்படியில் குடியேறிய பிறகுதான் திராட்சைக்கு இன்னொரு ஜாதகமும் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. (ஒயினைப் பற்றி எழுதுகிறானே, பையன் கெட்டுப்போய்விட்டானா என்று ஊரில் அத்தைமார்கள் கவலைப்பட வேண்டாம். நான் அதிகம் பார்த்தது பேலன்ஸ் ஷீட்டைத்தான். ஒரு வாய் ருசி பார்த்ததும் உண்டு, மறைப்பானேன்!)

இங்கிருந்து நாசிக் ரோட்டில் சாக்கண், ராஜ்குருநகர், மஞ்சர் தாண்டி எண்பது கிலோமீட்டர் போனால் நாராயண்காவ். பக்கத்தில் சிவாஜி பிறந்த சிவநேரி கோட்டை. கோடத் கிராமத்தில் அந்தப் பிரம்மாண்ட ரேடியோ டெலஸ்கோப். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த இரண்டையும் பார்த்து வந்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்பீர்கள். அதே ஊரில் 1980-களில் ஷாம்ராவ் சௌகுலே என்கிற தொழிலதிபர் ஒரு விநோதமான காரியத்தில் இறங்கினார். பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில் செய்கிற மாதிரியே, நுரைத்து வருகிற டிரை வெள்ளை ஒயினை இங்கே செய்வது. தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது பைப்பர்-ஹைட்சிக். 1785-ல் ஆரம்பித்த பழைய ஷாம்பெயின் வீடு அது.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்தவுடனே தோலைத் தள்ளிவிட்டுச் சாறை மட்டும் நொதிக்க விடுவார்கள். ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையை ஏறக்குறைய முழுசாகத் தின்று தீர்த்தால் அது டிரை. கல்யாண வீட்டு ரோஸ்மில்க்கில் பழகிய நம் நாக்குக்கு முதல் மடக்கு புளிக்கும், அவ்வளவுதான். நுரை ஒயினுக்கு வேலை இன்னும் அதிகம். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைத்து, மாதக்கணக்கில் இருட்டில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, கழுத்துக்கு இறங்கிய வண்டலை உறைய வைத்து வெளியே தள்ள வேண்டும்.

கொடியும் இங்கே ஐரோப்பாவைப் போல நடந்துகொள்வதில்லை. அங்கே பனிக்காலத்தில் அது தூங்கும். இங்கே தூக்கமே கிடையாது. அதனால் தக்காணத்தில் வருடத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்து அக்டோபர் வாக்கில் பழத்துக்காக ஒன்று. குளிர்ந்த இரவுகளில் பழுத்து, வெயில் ஏறுவதற்குள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுத்துவிடுவார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். அந்த வசதி இங்கே இல்லை.

இப்படிப் பிறந்த பாட்டிலுக்கு ஓமர் கய்யாம் என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய், இந்தியாவிலும் இது சாத்தியமா என்று பலரைப் புருவம் உயர்த்த வைத்த சரக்கு அது. ஷாம்பெயின் என்கிற பெயர் அந்த வட்டாரத்துக்கே சொந்தம், வெளியில் செய்கிறவர்கள் பாட்டிலில் போட்டுக்கொள்வதை பிரெஞ்சுக்காரர்கள் விடுவதில்லை. கம்பெனியின் பெயரோ வெகுகாலம் ஷாம்பெயின் இன்டேஜ்! பிற்பாடுதான் இன்டேஜ் வின்ட்னர்ஸ் ஆனது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் இந்த வழியில் நடந்தார்கள். அமெரிக்க வேலையை விட்டுவிட்டு நாசிக் குடும்ப நிலத்துக்குத் திரும்பிய ராஜீவ் சாமந்த், அம்மா சுலபாவின் பெயரைச் சுருக்கி 'சுலா' என்று வைத்து, 2000-ல் சோவின்யோன் பிளாங்க் திராட்சையில் டிரை வெள்ளை ஒயின் இறக்கினார். மறு வருடமே, 2001-ல், மகாராஷ்டிர அரசு ஒயினுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து கலால் வரியில் சலுகை கொடுத்தது. நாசிக் பக்கம் விவசாயிகள் சாப்பிடுகிற திராட்சையைப் பிடுங்கிவிட்டு ஒயின் திராட்சை நட்டார்கள். லோன் கேட்டு பேங்க் வாசலில் வரிசை.

இன்டேஜும் வேகம் எடுத்தது. கடன் வாங்கி விரிவாக்கியது, ஆஸ்திரேலியாவில்கூட ஒயின் தொழிலை வாங்கிப் போட்டது. அந்த நேரம் பார்த்து 2008 நிதி நெருக்கடி. நவம்பரில் மும்பைத் தாக்குதல். ஒயின் விற்கிற இடமே பெரிய ஓட்டல்கள்தானே, அங்கே ஆள் இல்லை. திராட்சை கொடுத்த விவசாயிகளுக்குப் பணம் நின்றது, வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் நின்றது. கடைசியில் பாம்பே ஹைகோர்ட் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. இந்தியாவின் முன்னோடி ஒயின் வீட்டின் ஆயுசு முப்பது வருஷத்துக்குள் முடிந்துவிட்டது.

ஒயின் சரியில்லாமல் இது விழவில்லை என்பதுதான் என் கட்சி. பி.காம் பையனாகவே சொல்கிறேன். கொடி நட்டால் ஒழுங்கான மகசூலுக்கு மூன்று வருஷம். அப்புறம் பாதாள அறையில் பாட்டில் தூங்குகிற காலம். அந்த ஸ்டாக் முழுக்கப் பணம், ஆனால் அசையாத பணம். வட்டியோ மாதா மாதம் விழித்துக்கொண்டே இருக்கும். பைப்பர்-ஹைட்சிக் மாதிரி வீடுகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பெயர் இருக்கிறது, வாங்குகிற ஊர்கள் பல இருக்கின்றன. ஒரு மோசமான வருஷத்தை அடுத்த நல்ல வருஷம் தாங்கும். இங்கே இருந்தது பிரெஞ்சு முறையும் மண்ணும். காலத்தை யாரும் சாங்ஷன் செய்து தர முடியாது. சுலா தப்பித்து வளர்ந்து 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. தோட்டத்துக்கே ஜனங்களை வரவழைத்து, சுற்றிக்காட்டி, ருசி பார்க்க வைத்து அங்கேயே விற்றது அதன் பெரிய கெட்டிக்காரத்தனம். ஓட்டல்களை மட்டும் நம்பி உட்காரவில்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது முதலாளிகள் கதை இல்லை. கம்பெனி விழுந்தால் பேங்க் வழக்குப் போடும், சொத்தை ஏலம் விடும், ஏதோ கொஞ்சம் தேறும். அடமானம் இல்லாமல் வாய்ச்சொல்லையும் காகிதத்தையும் நம்பிப் பழத்தை லாரியில் ஏற்றிவிட்ட விவசாயி, வரிசையில் கடைசி ஆள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இதை எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான். ஒயின் திராட்சையைச் சந்தையில் கொண்டுபோய்ச் சாப்பிடுகிற பழமாக விற்கவும் முடியாது. சின்னக் காய், உள்ளே கொட்டை, யார் வாங்குவார்கள்? நிறைய பேர் கொடியையே பிடுங்கிவிட்டுப் பழையபடி தாம்சன் சீட்லஸ் போட்டார்கள்.

இன்று நாராயண்காவ் என்றால் புனேக்காரர்கள் சொல்வது தக்காளிச் சந்தையை. 2023 ஜூலையில் விலை எகிறியபோது ஜுன்னர் தாலுகா விவசாயிகள் சிலர் கோடிக்கணக்கில் பார்த்தார்கள் என்று நாடு முழுக்கப் பேசினார்களே, அது இந்தச் சந்தைதான். தக்காளிக்குச் சில மாதம் போதும்.