விதிநூல்களில் பாடபேதம்: அச்சுப்படியும் மின்படியும், 1974–2024

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வகைக்கு வழிகோலியது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இவ்விளையாட்டின் மூன்று சிறுநூல்களை அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம் 1974-இல் வெளியிட்டது. இத்தகைய நூலில் ஒரு வரி மாறினால் ஆட்டமே மாறிவிடும். ஆகவே இதன் பாடபேதங்களும் ஆய்வுக்குரியவை.

அச்சுக்கு அச்சு வேறுபாடு தொடக்கத்திலேயே வந்துவிட்டது. டோல்கீன் ஆக்கங்களின் உரிமை பெற்றிருந்தோர் எதிர்த்ததால், பிந்திய அச்சுகளில் ‘ஹாபிட்’ ‘ஹாஃப்லிங்’ ஆனது. ‘என்ட்’ ‘ட்ரீன்ட்’ ஆனது. 1980-இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலிலிருந்து கதுலு, மெல்னிபோனே தொன்மங்கள் பின்னர் நீக்கப்பட்டதில் 144 பக்கங்கள் 128 ஆகச் சுருங்கின. ஆனால் பழைய படி வாங்கியவரின் அலமாரியில் பழைய பாடம் அப்படியே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, நீங்கியது எது என்று இன்றும் ஒப்பிட முடிகிறது.

இந்த நிலை 2008-இல் வந்த நான்காம் பதிப்போடு மாறியது. அதற்குள் வெளியீட்டாளர் மாறி விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஆகியிருந்தது. நூல்களோடு சந்தா கட்டிப் பயன்படுத்தும் கணினிக் கருவிகளையும் அந்நிறுவனம் தந்தது. திருத்தங்கள் அடிக்கடி வந்தன. கருவிகளில் உடனே ஏறின. ‘மேஜிக் மிசைல்’ மந்திரம் இதற்குத் தெளிவான சான்று. 2008 அச்சுநூலின்படி அதை ஏவுபவர் பகடை உருட்டி, இலக்கில் பட்டதா என்று பார்க்க வேண்டும். 2010 திருத்தத்தின்படி அது தவறாமல் தாக்கும். புத்தகத்தைப் பார்த்து ஆடுபவரும் கருவியைப் பார்த்து ஆடுபவரும் ஒரே மேசையில் இரு வேறு விதிகளோடு அமர்ந்தனர். அதே ஆண்டு நவம்பரில், கணினியில் நிறுவிக்கொள்ளும் பாத்திரக் கருவிக்குப் பதிலாக இணையத்தில் மட்டுமே இயங்கும் கருவி வந்தது. திருத்தத்தை ஏற்காமல் இருக்கும் வாய்ப்பு அதோடு போயிற்று என்பதால், இந்த வரலாற்றின் முதன்மைத் திருப்பமாக நான் இதையே கருதுகிறேன். அக்கருவிகளும் 2020 தொடக்கத்தில் மூடப்பட்டன. 2008-இன் புத்தகம் இன்றும் கையில் இருக்கிறது.

பிடிஎஃப் கோப்புகளின் கதை வேறு. திருட்டுப் படிகளைக் காரணம் காட்டி 2009 ஏப்ரலில் இந்நிறுவனம் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. பழைய நூல்கள் 2013-இல் மீண்டும் அவ்வடிவில் வந்தன. ‘பாத்ஃபைண்டர்’ என்ற விளையாட்டை வெளியிடும் பைசோ நிறுவனமோ, புதிய அச்சு வரும்போது பிடிஎஃப்பையும் திருத்தி, முன்பே வாங்கியவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. இங்கே பழைய கோப்பைப் பாதுகாத்துக்கொள்வது வாசகர் விருப்பம்.

ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளியானது. அதன் மின்வடிவத்தைத் தரும் டி அண்ட் டி பியாண்ட் 2017-இல் தொடங்கியது. அங்கே வாசகர் கணக்கில் இருக்கும் பாடத்தை வெளியீட்டாளர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2016-இல் வந்த ‘வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்’ நூலின் பல பத்திகள் 2021 டிசம்பரில் மின்படியிலிருந்து நீக்கப்பட்டன. 2022-இல் ‘ஸ்பெல்ஜாமர்’ தொகுப்பில் ஹடோசி இனத்தின் அடிமைத்தனப் பின்கதை கண்டனத்துக்கு உள்ளானபோது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அப்பகுதியை எடுத்தது. விற்றுப்போன அச்சுப்படிகளில் அது இருக்கிறது. அந்நீக்கம் நியாயமானது, ஆனால் என்ன எழுதப்பட்டது, ஏன் எடுக்கப்பட்டது என்பதும் வரலாறுதான். அதற்கு இப்போது அச்சுப்படியே மூலச்சான்று.

2024 ஆகஸ்டில், டி அண்ட் டி பியாண்டின் பாத்திரத் தாள்களில் உள்ள 2014 மந்திரங்களுக்குப் பதிலாகப் புதிய பதிப்பின் மந்திரங்களை ஏற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்ததால் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய பாடம் தங்களுடையது என்று அவர்கள் வலியுறுத்தியதில் முழு நியாயம் உண்டு.

திருத்தம் செய்யும் உரிமையை வெளியீட்டாளரிடமிருந்து யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மின்திருத்தத்துக்கும் நாளிட்டு, முந்திய பாடத்தையும் வாசகர் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதுவரை, பழைய அச்சுப்படி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.