ஐதராபாத் கடிதப் போக்குவரத்து (1947–1948)

ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைவதா, தனித்து நிற்பதா என்ற வழக்கு நீதிமன்றப் படி ஏறவில்லை. ஓராண்டுக்கும் மேலாக அதை வழக்கறிஞர்கள் கடிதங்களிலேயே வாதாடினார்கள். நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் சட்ட ஆலோசகர் சர் வால்டர் மாங்டன், 1936இல் எட்டாம் எட்வர்டு முடிதுறந்தபோது அவருக்கு யோசனை சொன்ன லண்டன் பாரிஸ்டர். டெல்லியில் நேருவும் பட்டேலும் பாரிஸ்டர்கள். 1948 ஜனவரியில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஜெனரலாக வந்த கே. எம். முன்ஷி பம்பாய் வழக்கறிஞர். நிஜாம் ஆட்சியின் ஆதரவாளர்களான ரசாக்கர் ஆயுதப் படையினரின் தலைவர் காசிம் ரஸ்வியும் லாத்தூரில் வக்கீலாக இருந்தவர்.

இந்தியா, பாகிஸ்தான் இரண்டின் அரசியல் நிர்ணய சபைகளிலும் சேரப்போவதில்லை என்று 1947 ஜூனில் நிஜாம் அறிவித்தார். டெல்லி கேட்டது இணைப்புப் பத்திரம். நிஜாம் தர முன்வந்ததோ வெறும் உடன்படிக்கை. இரண்டுக்கும் நடுவே ஒரு வாசகம் தேடுவதே மாங்டனின் வேலையாயிற்று. அக்டோபர் இறுதியில், நிஜாமின் தூதுக்குழு டெல்லிக்குப் புறப்படவிருந்த விடியலில், பெருங்கூட்டம் அவர் வீட்டைச் சூழ்ந்துகொண்டது. குழுவே மாறியது.

நவம்பர் 29 அன்று கையெழுத்தான 'நிலைநிறுத்த ஒப்பந்தம்' ஓராண்டுக்கானது. அதன் உயிர் ஒப்பந்தத்தில் இல்லை, உடன் சென்ற கடிதத்தில் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். தன் இறையாண்மையை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கவில்லை என்றும், சில உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக மட்டுமே நிஜாம் அதில் எழுதினார். ஒரே தாளை இரு தரப்பும் இரு விதமாகப் படிக்க அது வழிவிட்டது. பாகிஸ்தானுக்கு 20 கோடி ரூபாய்க் கடன், இந்திய நாணயத்துக்குத் தடை என்று அடுத்த மாதங்களின் புகார்க் கடிதங்கள் எல்லாம் அந்த இடைவெளியில் முளைத்தவை. பிணக்குகளை நடுவர்களிடம் விட நான்காம் பிரிவு வழி சொல்லியிருந்தும் நடுவர் மன்றம் அமையவேயில்லை. அதே காலத்தில் நிலத்துக்காக ஆயுதம் ஏந்திப் போராடிய தெலங்கானா உழவர்களின் குரலுக்கு இந்த வாதத்தில் இடம் கிடைக்கவில்லை என்பது பெருங்குறை.

1948 ஜூனில் மாங்டன் வடித்த கடைசி வரைவையும் நிஜாம் ஏற்கவில்லை. மவுண்ட்பேட்டனுக்குப் பின் கவர்னர் ஜெனரலான ராஜாஜி, சேலத்தில் வக்கீலாகப் பெயர் எடுத்தவர். ரசாக்கர்களைத் தடைசெய்யுமாறும் செகந்திராபாத்தில் இந்தியப் படையை மீண்டும் நிறுத்த இசையுமாறும் ஆகஸ்ட் இறுதியில் அவர் நிஜாமுக்கு எழுதினார். அது பலிக்கவில்லை. செப்டம்பர் 13இல் படை நுழைந்தது; 17இல் நிஜாம் பணிந்தார். ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு அனுப்பியிருந்த முறையீட்டையும் அதே மாதம் திரும்பப் பெற்றார்.

முன்ஷி இந்திய அரசியல் சட்ட வரைவுக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். அந்தச் சட்டத்தை ஏற்று 1949 நவம்பரில் நிஜாம் ஒரு ஃபர்மான் (அரசாணை) வெளியிட்டார்.